மணியோசை முதலில் கேட்பது யாருக்கு?

கடந்த நவம்பர் மாதக் கடைசி சனிக்கிழமை. மேற்கு சிட்னியில் என் மகள் படிக்கும் தமிழ்ப் பள்ளியின் கார் பார்க்கிங். வகுப்பு முடிய இன்னும் அரை மணி நேரம் இருந்தது. வழக்கம்போல அப்பாக்கள் ஒரு பக்கம் கூடி நின்று வீட்டுக்கடன் வட்டி, கிரிக்கெட், ஊர் நிலவரம் என்று பேசிக்கொண்டிருந்தோம். அப்போது யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, நீங்கள் ஐ.டி.தானே? ஒண்டு கேக்க வேணும். பெடியன் எச்.எஸ்.சி. எழுதி முடிச்சிட்டான். யூனிக்குக் கம்ப்யூட்டர் சயன்ஸைத்தான் முதலாவதாப் போட்டிருக்கிறான். இப்ப ஏ.ஐ. வந்து எல்லாத்தையும் விழுங்கிடும் எண்டு சனம் சொல்லுது. மாத்தச் சொல்லட்டோ?"

இந்தக் கேள்வியை இந்த வருடம் எத்தனை பேர் என்னிடம் கேட்டிருப்பார்கள் என்று எண்ணவில்லை. மெல்பர்ன் பாயின்ட் குக்கில் இருக்கும் என் சித்தி மகன் கேட்டான். திருச்சியில் இருந்து அப்பா வீடியோ காலில் கேட்டார். 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் 2 சதவீதம் பேரை, அதாவது சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்த பிறகு, சென்னையில் இருக்கும் என் கல்லூரி நண்பர்களும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அண்ணனுக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. "அடுத்த வாரம் சொல்றேன் அண்ணா" என்று சமாளித்தேன். பதில் தெரியாததால் மட்டும் இல்லை. இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் என் மெயில் பெட்டியில் அனுப்பாமல் கிடந்த ஒரு கடிதம் நினைவுக்கு வந்துவிடும்.

நூற்றை நெருங்கிய மதிப்பெண்

நான் மென்பொருள் சோதனைப் பொறியாளர். தமிழில் சுருக்கமாகச் சொன்னால், அடுத்தவர் எழுதிய புரோகிராமில் குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குபவன். ஈ.சி.இ. முடித்து, ஓ.எம்.ஆர். சாலையில் ஐந்து வருடம் வேலை பார்த்து, 2015-ல் சிட்னிக்கு வந்தேன்.

2023-ல் ஒரு நிறுவனத்தின் பில்லிங் பிரிவில் வேலை பார்த்தேன். சோதனைக் குழுவில் எட்டுப் பேர். அந்த வருடக் கடைசியில் ஒரு ஏ.ஐ. கருவியைக் கொண்டுவந்தார்கள். அது புரோகிராமைப் படித்து, அதற்கான சோதனைகளைத் தானே எழுதித் தரும். நாங்கள் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதுவதை ஒரு மதியத்தில் எழுதித் தள்ளியது. எல்லோரும் வியந்தோம், நானும்தான்.

அடுத்த சில வாரங்களில் ஒரு விஷயம் என் கண்ணை உறுத்தியது. அதுவரை எங்கள் சோதனைகளில் 90 சதவீதம் முதல் சுற்றில் தேறினால் பெரிய விஷயம். இப்போது 99 சதவீதத்துக்கு மேல் தேற ஆரம்பித்தது. மேலாளர்கள் அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் ஸ்லைடில் போட்டார்கள். ஆனால் வாடிக்கையாளர்களிடம் இருந்து வரும் புகார்கள் அதே அளவில்தான் வந்துகொண்டிருந்தன. பத்து வருடம் டெஸ்டிங் செய்தவனுக்கு இது சந்தோஷச் செய்தி இல்லை. காய்ச்சல் குறையவில்லை, தெர்மாமீட்டர்தான் உடைந்திருக்கிறது.

காரணம் எளிமையானது. ஒரு வாடிக்கையாளர் மாதத்தின் நடுவில் சேவையை நிறுத்தினால் பாதி மாதப் பணம்தான் வாங்க வேண்டும். இது விதி. புரோகிராம் எழுதியவர் தவறுதலாக முழு மாதப் பணம் வாங்குமாறு எழுதிவிட்டார் என்று வையுங்கள். விதியைப் படித்துவிட்டுச் சோதனை எழுதும் மனிதர் "பாதி வர வேண்டும்" என்று எழுதுவார், தவறு சிக்கிவிடும். புரோகிராமை மட்டும் படித்துச் சோதனை எழுதும் கருவியோ "முழுசு வர வேண்டும்" என்று எழுதும். முழுசு வரும். பச்சை விளக்கு எரியும். திருடனிடமே வாக்குமூலம் வாங்கி அவனை விடுதலை செய்கிற கதைதான்.

எண்களை எடுத்துப் போட்டு, இரண்டு உதாரணத்துடன் மேலாளருக்கு ஒரு மெயில் எழுதினேன். மொத்தம் பதினான்கு வரி. அனுப்பவில்லை.

ஏன்? அப்போது நான் நிறுவனம் ஸ்பான்சர் செய்த 482 விசாவில் இருந்தேன். நிரந்தரக் குடியுரிமை விண்ணப்பம் வரிசையில் இருந்தது. மகளுக்கு நான்கு வயது. "நமக்கேன் வம்பு" என்று டிராஃப்டில் போட்டு மூடிவிட்டேன்.

2024 பிப்ரவரியில், எட்டில் நான்கு பேர் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதில் ஒருவன் கோயம்புத்தூர் நண்பன். அவனும் 482-தான். அப்போதைய விதிப்படி வேலை போனால் 60 நாட்களுக்குள் வேறு ஸ்பான்சர் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். கிடைக்கவில்லை. ஏப்ரலில், ஏர்போர்ட்டில் அவன் குழந்தைக்கு ஒரு கங்காரு பொம்மை வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தேன். அந்த வருடம் ஜூலை 1-ம் தேதி முதல் அந்தக் கெடுவை அரசாங்கம் 180 நாட்களாக உயர்த்தியது. அவனுக்கு மூன்று மாதம் தாமதமாக வந்த விதி.

ஆகஸ்ட்டில் பில்லிங் தவறு வெடித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், மன்னிப்புக் கடிதம் அனுப்பினார்கள், ஒப்பந்த முறையில் டெஸ்டர்களை அவசரமாக எடுத்தார்கள். நான் அந்த மெயிலை அனுப்பியிருந்தால் நண்பனின் வேலை தப்பியிருக்குமா? உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த நேரத்தில், அந்த அறையில், அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவன் நான். அதுதான் உறுத்துகிறது.

45 பேரும் ஒரு தொலைபேசியும்

இது என் ஒருவனுடைய கதை என்றால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். 2025-ல் ஆஸ்திரேலியாவின் மிகப்பெரிய வங்கியிலேயே கிட்டத்தட்ட இதேபோல ஒன்று, எல்லோர் கண் முன்னாலும் நடந்தது.

2025 ஜூலையில் காமன்வெல்த் வங்கி, வாடிக்கையாளர் அழைப்புப் பிரிவில் 45 பணியிடங்கள் இனித் தேவையில்லை என்று அறிவித்தது. தொலைபேசியில் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஏ.ஐ. குரல் கருவியை அறிமுகப்படுத்தியிருந்தார்கள். அதனால் வாரத்துக்கு 2,000 அழைப்புகள் குறைந்துவிட்டன என்பது வங்கி சொன்ன கணக்கு.

அங்கே ஹெட்செட் மாட்டி உட்கார்ந்திருந்தவர்களின் கணக்கு வேறாக இருந்தது. அழைப்புகள் உண்மையில் கூடிக்கொண்டிருக்கின்றன, சமாளிக்க முடியாமல் ஓவர்டைம் கொடுக்கிறார்கள், டீம் லீடர்களையே போன் எடுக்கச் சொல்கிறார்கள் என்று நிதித்துறை ஊழியர் சங்கம் எடுத்துச் சொன்னது. விவகாரம் ஃபேர் வொர்க் ஆணையத்துக்குப் போனது. ஆகஸ்ட் 21-ம் தேதி செய்தி வந்தது: வங்கி பின்வாங்கிவிட்டது. எல்லாவற்றையும் சரியாகக் கணக்கில் எடுக்காமல் முடிவு செய்துவிட்டோம், அந்த 45 பணியிடங்களும் உண்மையில் தேவையானவையே என்று ஒப்புக்கொண்டு, ஊழியர்களிடம் மன்னிப்புக் கேட்டது.

பத்திரிகைகள் இதை "மனிதன் வென்றான், ஏ.ஐ. தோற்றது" என்ற தொனியில் எழுதின. எனக்கு அப்படித் தோன்றவில்லை. குரல் கருவிகள் வரத்தான் போகின்றன, எளிய கேள்விகளை எடுத்துக்கொள்ளத்தான் போகின்றன. நான் இதில் பார்த்தது வேறு. ஒரு தொழில் எந்தத் திசையில் போகிறது என்பதைக் காட்டும் முதல் அறிகுறி எங்கே இருந்தது? ஆலோசகர்களின் அறிக்கையில் இல்லை, மேல்மாடி ஸ்லைடில் இல்லை. தினமும் போன் எடுத்தவரின் ஷிப்ட் அட்டவணையில் இருந்தது. கருவி எளிய அழைப்பை எடுத்துக்கொண்டால், மனிதரிடம் வந்து சேர்வது சிக்கலான அழைப்பு மட்டும்தான். அது நீளமாகவும் இருக்கும். இதைத் தெரிந்துகொள்ள எம்.பி.ஏ. வேண்டாம், ஆறு மாதம் ஹெட்செட் மாட்டியிருந்தால் போதும்.

"யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே" என்பார்கள். மணியோசை முதலில் கேட்பது யானைக்குப் பக்கத்தில் நிற்பவருக்குத்தான்.

இல்லாத புத்தகத்தைக் கண்டுபிடித்தவர்

இரண்டாவது சம்பவமும் இதே வருடம்தான். மத்திய அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பணியிட உறவுகள் துறை, வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகை விதிகளைக் கண்காணிக்கும் கணினி அமைப்பை ஆராய்ந்து சொல்லும்படி டெலாய்ட் நிறுவனத்திடம் வேலை கொடுத்திருந்தது. மதிப்பு சுமார் 4 லட்சத்து 40 ஆயிரம் ஆஸ்திரேலிய டாலர். அறிக்கை ஜூலையில் வெளியானது. நேர்த்தியான அட்டை, பக்கம் பக்கமாக மேற்கோள்கள், அடிக்குறிப்புகள்.

சிட்னி பல்கலைக்கழகத்தில் சட்டமும் சுகாதாரமும் சார்ந்த ஆய்வாளர் கிறிஸ் ரட்ஜ் அதைப் படித்தார். அதில், அதே பல்கலைக்கழகத்தின் சட்டப் பேராசிரியர் ஒருவர் எழுதியதாக ஒரு புத்தகம் குறிப்பிடப்பட்டிருந்தது. அந்தப் பேராசிரியரின் துறை எது, அவர் எதைப் பற்றி எழுதுவார் என்று ரட்ஜுக்குத் தெரியும். தலைப்பு அவர் துறைக்கு வெளியே இருந்தது. தேடிப் பார்த்தால், அப்படி ஒரு புத்தகமே உலகில் இல்லை. தொடர்ந்து பார்த்தபோது, இல்லாத கட்டுரைகளும், நீதிமன்றத் தீர்ப்பில் இருந்து எடுத்ததாகச் சொல்லப்பட்ட ஒரு போலி மேற்கோளும் சிக்கின. ஏ.ஐ. இட்டுக்கட்டியதாகத்தான் இருக்கும் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார்.

அக்டோபரில் திருத்திய அறிக்கை வெளியானது. அதைத் தயாரிக்கும்போது ஏ.ஐ. பயன்படுத்தப்பட்டது என்ற குறிப்பு அதில்தான் சேர்க்கப்பட்டது. ஒப்பந்தத்தின் கடைசித் தவணைப் பணத்தைத் திருப்பித் தருவதாக நிறுவனம் ஒப்புக்கொண்டது. அறிக்கையின் பரிந்துரைகளில் மாற்றம் இல்லை என்று துறை சொன்னது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ரட்ஜ் கணினி நிபுணர் இல்லை. ஏ.ஐ. எப்படி வேலை செய்கிறது என்ற பாடம் அவருக்குத் தேவைப்படவில்லை. தன் துறையில் யார் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்ற அறிவுதான் தேவைப்பட்டது. "இது அவர் எழுதுற மாதிரி இல்லையே" என்ற அந்த ஒரு நொடி உறுத்தல்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். அந்த உறுத்தலை எந்தக் கருவியும் இன்றுவரை விற்கவில்லை. அவருக்கும் எனக்கும் ஒரே ஒரு வித்தியாசம்: அவர் வாயைத் திறந்தார்.

நிபுணரும் தவறுவார்

உடனே "துறையில் இருப்பவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று முடிவுக்கு வந்துவிட வேண்டாம். இன்றைய ஏ.ஐ.க்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான ஜெஃப்ரி ஹின்டன், 2024-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். 2016-ல் டொராண்டோவில் ஒரு மேடையில், ரேடியாலஜி மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதை இப்போதே நிறுத்திவிடலாம், ஐந்து ஆண்டுகளில் இயந்திரங்கள் அவர்களை மிஞ்சிவிடும் என்றார். ஒன்பது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. ரேடியாலஜி மருத்துவர்கள் இன்றும் தேவைப்படுகிறார்கள். தான் மிகப் பொதுவாகப் பேசிவிட்டதாக அவரே பின்னால் ஒப்புக்கொண்டார்.

அவர் எங்கே சறுக்கினார்? படத்தைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கும் கருவி எவ்வளவு வேகமாக வளரும் என்பதை அவர் சரியாகத்தான் கணித்தார், அது அவருடைய துறை. ஆனால் ஒரு ரேடியாலஜி மருத்துவர் காலை முதல் மாலை வரை என்னென்ன செய்கிறார் என்பது அவர் துறை இல்லை. பழைய ஸ்கேனோடு ஒப்பிடுவது, அறுவை சிகிச்சை மருத்துவரிடம் பேசுவது, ஊசி மூலம் திசு எடுப்பது, சந்தேகம் வந்தால் இன்னொரு ஸ்கேன் சொல்வது என்று படம் பார்ப்பதற்கு வெளியே அவருக்கு எவ்வளவோ வேலை இருக்கிறது.

கருவியைத் தெரிந்தவருக்கு வேலை தெரியாது, வேலையைத் தெரிந்தவருக்குக் கருவி தெரியாது. இரண்டுக்கும் நடுவில் நிற்பவருக்குத்தான் போக்கு ஓரளவு பிடிபடும். அதனால்தான், யூடியூபில் "அடுத்த ஐந்து வருடத்தில் அழியப்போகும் பத்து வேலைகள்" என்று சொல்பவரை நான் நம்புவதில்லை. அந்தப் பத்தில் ஒன்றையாவது அவர் செய்திருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள்.

ஜன்னல் இல்லாத கட்டடங்கள்

எச்சரிக்கை மணியை மட்டும் பேசினால் போதாது. வாய்ப்பும் அதே மாதிரிதான் முதலில் உள்ளே இருப்பவர் காதில் விழுகிறது.

சிட்னியில் எம்4, எம்7 சாலைகள் சந்திக்கும் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். ஹன்டிங்வுட், ஈஸ்டர்ன் கிரீக் பகுதிகளில் ஜன்னலே இல்லாத பிரம்மாண்டமான சாம்பல் நிறக் கட்டடங்கள். மெல்பர்ன்காரர்களுக்கு டெரிமட், ட்ருகனினா பக்கம். பல குடோன்கள்தான், ஆனால் சில டேட்டா சென்டர்கள்.

அந்தத் தொழிலில் பெயர் பெற்ற ராபின் குடா, வங்கதேசத்தின் டாக்காவில் பிறந்து 18 வயதில் சிட்னிக்குப் படிக்க வந்தவர். கணக்கியல் படித்தவர். தொலைத்தொடர்பு நிறுவனங்களிலும் டேட்டா சென்டர் தொழிலிலும் பல வருடம் வேலை பார்த்தார். அப்போதைய டேட்டா சென்டர்கள் பல சிறு வாடிக்கையாளர்களுக்கு அலமாரி அலமாரியாக இடம் வாடகைக்கு விட்டன. கிளவுட் சேவை கொடுக்கும் பெரிய நிறுவனங்களுக்கு அது போதாது, முழுக் கட்டடமும் ஒரு சிறிய ஊருக்கான மின்சாரமும் தேவைப்படும் என்பதை அவர் கண்டுகொண்டார். 2015-ல் ஏர்டிரங்க் நிறுவனத்தைத் தொடங்கினார். 2024 செப்டம்பரில் அதை 24 பில்லியன் ஆஸ்திரேலிய டாலருக்கும் மேலான மதிப்பில் பிளாக்ஸ்டோன் தலைமையிலான குழு வாங்க ஒப்பந்தம் போட்டது. 2025 ஜூனில் அமேசான் நிறுவனம், 2029 வரை ஆஸ்திரேலிய டேட்டா சென்டர்களில் 20 பில்லியன் ஆஸ்திரேலிய டாலர் முதலீடு செய்யப்போவதாக அறிவித்தது.

எல்லோரும் குடா ஆக முடியாது, ஆகவும் வேண்டாம். அவர் பார்த்த விதத்தைக் கவனியுங்கள். "இணையம் வளரும்" என்பது 2015-ல் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால் யாருக்கும் காசு வராது. "இந்த வாடிக்கையாளருக்கு, இந்த அளவில், இந்த மாதிரிக் கட்டடம் கிடைப்பதில்லை" என்பது உள்ளே இருந்தவருக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

இன்றைய நிலையை என் இடத்தில் இருந்து பார்க்கிறேன். ஏ.ஐ. என்றால் கோடு எழுதும் பையன்கள் மட்டும்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் ஏ.ஐ. சிப் சூட்டைக் கக்குகிறது. சூட்டைத் தணிக்கக் குளிரூட்டல் வேண்டும், குளிரூட்ட மின்சாரமும் தண்ணீரும் வேண்டும், மின்சாரத்துக்குத் துணை மின்நிலையம் வேண்டும். ஒரு கட்டடம் எழும்பினால் எலெக்ட்ரீஷியன், ஏர்கண்டிஷன் மெக்கானிக், மின் பொறியாளர் என்று ஒரு படையே தேவைப்படுகிறது. நம் வீடுகளில் "டிரேட் வேலைக்கா போகப்போறே?" என்று பிள்ளைகளைக் கேட்கும் தொனி இருக்கிறதே, அதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளும் காலம் வந்துவிட்டது. இந்த வேகம் அப்படியே நீடிக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். முதலீட்டு அலைகள் அடங்கவும் செய்யும். ஆனால் மின்சாரமும் குளிரூட்டலும் தெரிந்தவருக்கு அலை அடங்கினாலும் வேலை இருக்கும்.

என் மேஜையில் கேட்கும் மூன்று கேள்விகள்

அந்த 2024-க்குப் பிறகு, மாதம் ஒருமுறை என் வேலையைப் பற்றி மூன்று கேள்வி கேட்டுக்கொள்கிறேன். யாரும் கேட்கலாம், நர்ஸாக இருந்தாலும் கணக்காளராக இருந்தாலும்.

முதலாவது, எந்த எண் திடீரென்று ரொம்ப நன்றாக இருக்கிறது? சிரமப்பட்டுக் கிடைக்கும் எண் சுலபமாகக் கிடைத்தால், ஒன்று உண்மையிலேயே முன்னேற்றம், இல்லையென்றால் அளவுகோல் உடைந்திருக்கிறது. எது என்று அந்த வேலையைச் செய்பவருக்குத்தான் தெரியும்.

இரண்டாவது, எந்த வேலை திரும்பி வருகிறது? புதிய முறையில் முடிந்ததாகச் சொல்லப்பட்ட வேலை, இரண்டு வாரம் கழித்து வேறு பெயரில் யார் தலையில் விழுகிறது? காமன்வெல்த் வங்கியில் அது டீம் லீடரின் காதில் விழுந்தது.

மூன்றாவது, காசு எங்கே போகிறது? பேச்சைக் கேட்காதீர்கள், ஒப்பந்தத்தைப் பாருங்கள். பன்னிரண்டு மாத ஒப்பந்தம் மூன்று மாதமாகச் சுருங்கினால் ஓர் அர்த்தம். இதுவரை இல்லாத தலைப்பில் வேலை விளம்பரம் வந்தால் ஓர் அர்த்தம். எங்கள் குழுவில் 2023 டிசம்பரிலேயே ஒப்பந்தங்கள் சுருங்கின. நான் பார்த்தேன், புரிந்தும் பேசாமல் இருந்தேன்.

ஏன் நாம் பேசுவதில்லை?

நம் ஆட்களுக்கு இந்த மூன்றும் தெரியும். சிட்னியிலும் மெல்பர்னிலும் வங்கி, மருத்துவமனை, தொலைத்தொடர்பு, அரசுத் துறை என்று எந்தக் கணினி அறையின் கதவைத் திறந்தாலும் ஒரு தமிழ்க் குரல் கேட்கும். ஆனால் கூட்டத்தில் அந்தக் குரல் கேட்காது. லஞ்ச் நேரத்தில் மைக்ரோவேவ் பக்கத்தில்தான் கேட்கும். "இது ஓடாதுடா மாப்ள, பாரு ஆறு மாசத்துல" என்று தமிழில் சொல்லிக்கொள்வோம். ஆறு மாதத்தில் அது நடக்கும். "நான் அப்பவே சொன்னேன்ல" என்போம். யாரிடம் சொன்னோம்?

விசா பயம் உண்மை, அதைக் கேலி செய்யும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் சில விஷயங்கள் மாறியிருக்கின்றன. வேலை போனால் இப்போது 180 நாள் அவகாசம் இருக்கிறது. எந்த விசாவில் இருந்தாலும் சங்கத்தில் சேரும் உரிமை சட்டப்படி உண்டு. அந்த 45 பேர் தனித்தனியாக மெயில் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தனியாகப் பேசப் பயமாக இருந்தால் சேர்ந்து பேச ஒரு வழி இருக்கிறது. நானும் இந்த வருடம்தான் சங்கத்தில் சேர்ந்தேன். நிரந்தரக் குடியுரிமை கிடைத்த பிறகுதான் சேர்ந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஐஸ்கிரீம் உருகும் பாதை

அடுத்த சனிக்கிழமை அண்ணன் பையனையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நல்ல உயரம், கூச்சம். அவன் வார இறுதியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஆன்லைன் ஆர்டர்களுக்குப் பொருள் எடுத்து வைக்கும் வேலை பார்க்கிறான் என்றார் அண்ணன். கோர்ஸைப் பற்றிப் பேசுவதற்கு முன், "அந்த வேலை எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"ஓகே அங்கிள். எந்தப் பொருளை முதல்ல எடுக்கணும் எண்டு ஒரு ஆப் சொல்லும். இப்ப புதுசா மாத்தியிருக்கினம், ஏ.ஐ. எண்டு சொல்லினம். ஆனா அது ஃப்ரோசன் பக்கத்துக்கு முதல்ல அனுப்புது, நடை தூரம் குறையுமாம். நாங்க முடிச்சு வரேக்குள்ள ஐஸ்கிரீம் உருகிடும். அதால நாங்க எல்லாரும் ஆப் சொல்றதை விட்டுட்டு எங்கட ரூட்டிலதான் போறது."

அண்ணன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினெட்டு வயதுப் பையன், எட்டு மாத அனுபவம். அந்த ஆப் எழுதியவர்களுக்குத் தெரியாத ஒன்று இவனுக்குத் தெரிந்திருக்கிறது. அது நடை தூரத்தை அளக்கிறது, உருகுவதை அளக்கவில்லை. இவர்கள் எல்லோரும் சொந்தப் பாதையில் போய் நல்லபடியாக முடிப்பதால், ஆப் நன்றாக வேலை செய்கிறது என்று எங்கோ ஒரு ஸ்லைடில் பச்சையாக ஓர் எண் ஏறிக்கொண்டிருக்கும்.

"இதை மேனேஜர்கிட்ட சொன்னியா?"

"இல்லை அங்கிள். நான் கேஷுவல்தானே."

அந்தப் பதிலை நான் எங்கோ கேட்டிருக்கிறேன். அவன் சொன்னது "கேஷுவல்", நான் சொன்னது "482", அவ்வளவுதான்.

அண்ணனிடம் கடைசியில் இதைத்தான் சொன்னேன்: "அண்ணா, அவனுக்குப் பிடிச்சிருந்தா கம்ப்யூட்டர் சயன்ஸையே படிக்கட்டும். ஆனா கம்ப்யூட்டரை மட்டும் படிச்சா போதாது. கூடவே ஏதாவது ஒரு வேலையை, கடையோ மின்சாரமோ ஆஸ்பத்திரியோ, உள்ளே போய்க் கை அழுக்காகிற அளவுக்குத் தெரிஞ்சுக்கணும். கோடு எழுதறதைக் கருவி செய்யும். எங்க உருகுதுன்னு பார்க்கிறது மனுஷன் வேலை." அண்ணன் தலையாட்டினார். முழுத் திருப்தி இல்லை என்று தெரிந்தது. அவர் எதிர்பார்த்தது ஆம் அல்லது இல்லை. என்னிடம் அது இல்லை.

பையனிடம் தனியாக ஒன்று சொன்னேன். "அடுத்த ஷிப்ட்ல ஒரு பேப்பர்ல எழுதிக் கொடு. எத்தனை ஆர்டர், எத்தனை ஐஸ்கிரீம், எவ்வளவு நேரம். நாலே வரி போதும். கேட்காட்டிப் பரவாயில்லை, நீ சொன்னியா இல்லையாங்கிறதுதான் விஷயம்."

நேற்று அண்ணன் போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். பையன் விருப்பப் பட்டியலை மாற்றவில்லையாம். பேப்பரையும் கொடுத்துவிட்டானாம். மேனேஜர் இன்னும் பதில் சொல்லவில்லையாம்.

பரவாயில்லை. எனக்குப் பதினான்கு வரி எழுதி அனுப்பத் தைரியம் வரவில்லை. அவன் நான்கு வரியைக் கொடுத்துவிட்டான்.